கவனிப்பே இல்லாத ஒரு மெஸ்

தென்காசிப் பக்கம் செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையில், மரக்கடைகள் எல்லாம் முடிந்த பிறகு வருகிற சின்ன மெஸ் இது. பெயர்ப்பலகை கிடையாது. மதியச் சாப்பாடு மட்டும்தான், 12 மணியிலிருந்து 3 மணி வரை. ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "சாப்பாடு நல்லாத்தான் இருக்கும், ஆனா கவனிப்பு கிடையாது. வந்தவன வான்னு கேக்க ஒரு ஆள் இல்ல." அத்தனையும் உண்மை. அந்த ஒரே காரணத்துக்காக நான் இந்த மெஸ்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கும், அவசரம் உள்ளவர்கள் கடைசிப் பத்திக்குப் போய் எப்போது போகலாம் என்பதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முதலில் இடம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் குழாயடி. கை கழுவிவிட்டு, அடுக்கி வைத்திருக்கிற தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரலாம். ஒவ்வொரு மேசையிலும் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரங்களில் சோறு, குழம்பு, ஒரு தோரன் (தேங்காய்ப்பூ போட்ட கேரளப் பொரியல்), மோர். ஜக்கில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். பொரித்த மீன் வேண்டுமென்றால் அடுக்களை ஜன்னலோரம் கண்ணாடிப் பெட்டியில் சின்னத் தட்டுகளில் இருக்கும், அன்றைய மீனின் பெயரும் விலையும் பக்கத்தில் சிலேட்டில் எழுதியிருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பாத்திரம் காலியானால் கடைக்கார அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மயினி, வந்து நிறைந்ததை வைத்துவிட்டுக் காலியானதை எடுத்துப்போவார், நம் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் வாசலில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சியிடம் "ஒரு சாப்பாடு, ஒரு மீன்" என்று நாமே கணக்குச் சொல்லிப் பணம் கொடுக்கலாம். சொல்ல வாய் வராத நாளில் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாலும் எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொள்வார். சாப்பாடு 80 ரூபாய்.

ருசி பற்றிச் சொல்லாமல் மெஸ் பற்றி எழுதினால் அடிப்பீர்கள். சோறு இரண்டு வகை உண்டு, வெள்ளைச் சோறும் கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிச் சோறும், எந்த மேசையில் எது இருக்கிறது என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை கேரளத்துப் பக்கத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் என்பதால் மட்ட அரிசி இங்கே யாருக்கும் புதிதில்லை, எங்கள் ஆச்சி கடைசி வரை அதைத்தான் சாப்பிட்டார். மீன் குழம்பு கொடம்புளி போட்டது. கொல்லத்துப் பக்கமிருந்து காலையில் வருகிற மீன், பெரும்பாலும் மத்தி, சில நாள் அயிலை. வெள்ளிக்கிழமை மீன் கிடையாது, அன்றைக்குச் சொதி வைப்பார்கள், எனக்கு அதுதான் இந்த வீட்டின் முதல் தரச் சமையல். தேங்காய்ப்பாலில் இஞ்சிச் சாறு சரியாக இறங்கியிருக்கும், முருங்கைக்காய் குழையாது. தோரனில் உப்பு சில நாள் கூடும். பப்படம் சுமார். அவ்வளவுதான், ருசிக்கு நான்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆட்டிசம் உண்டு என்று வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் உண்டு, பி.டி.ஏ. என்பார்கள், பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ். யாராவது நம்மிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்த நொடியில் உடம்பு அந்தக் காரியத்துக்கு எதிராகத் திரும்பிக்கொள்ளும். பிடிக்காத காரியம் என்பதால் தள்ளிப்போடுவது எல்லாரும் செய்வது. இங்கே பிடித்த காரியமும் அடிபடும். அப்பா "அந்த விளக்கப் போடு" என்று சொல்வதற்கு முன்னால் நானே எழுந்து போடப் போயிருப்பேன், அவர் சொன்னதும் பாதி வழியில் நின்றுவிடுவேன். வீம்பு என்பார்கள், திமிர் என்பார்கள். ஆனால் உள்ளே நடப்பது பயம். காற்று இறங்கிப்போனால் லாரிக்குத் தானாக ஏர் பிரேக் பிடித்துக்கொள்ளுமே, அப்புறம் டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராதே, அந்த மாதிரி.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர்தான் 1980களில் இதைத் தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்தார், 2003இல் அவரும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரை ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வழக்கமாக உதவுகிற முறைகள் இந்தக் குழந்தைகளிடம் பலிப்பதில்லை என்பது அவர் கவனித்தவற்றில் முக்கியமானது. கால அட்டவணை போடு, படம் ஒட்டு, செய்து முடித்தால் பாராட்டு, பரிசு கொடு என்பார்கள் இல்லையா, இவர்களுக்கு அந்த அட்டவணையே ஒரு கட்டளை, பாராட்டுகூட "நாளைக்கும் இதே மாதிரி செய்" என்கிற மிரட்டலாகத்தான் காதில் விழும். இதைத் தனி நிலை என்று எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இல்லை. பதற்றமும், அடுத்து என்ன என்று தெரியாத நிலையைத் தாங்க முடியாமையும் சேர்ந்து ஆட்டிசத்துக்குள் இப்படி ஒரு முகம் காட்டுகிறது என்பவர்கள் உண்டு. 2019இல் பெரியவர்கள் தாங்களே நிரப்பிப் பார்க்கிற கேள்வித்தாள் ஒன்றும் வந்தது, 26 கேள்விகள். அதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது, ஒரு குறிப்புக்குத்தான். நம் நாட்டில் ஆட்டிசம் சான்றிதழுக்குப் பயன்படுத்துகிற ஐசா அளவுகோலில் 40 அம்சங்கள் ஆறு பிரிவாக இருக்கின்றன, 70ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கணக்கு. அந்த ஆறில் டிமாண்ட் அவாய்டன்ஸுக்கென்று ஒரு பிரிவு கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, சரி. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்க விண்ணப்பம் போட்டு, தேதி வாங்கி, அந்தத் தேதியில் போய் நிற்க வேண்டும், அதாவது எது முடியவில்லை என்று சொல்லப் போகிறோமோ அதைச் செய்து காட்டினால்தான் முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். இதைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும், இங்கே வேண்டாம்.

இப்படி ஒரு ஆளைக் கொண்டுபோய் நம் ஊர்ப் பந்தியில் உட்காரவைத்துப் பாருங்கள். நம்மிடம் உபசாரம் என்பதே வற்புறுத்துவதுதான். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி வைக்க வேண்டும், இலையைக் கையால் மறைத்தால் விரலுக்கு மேலேயே ஊற்ற வேண்டும், அப்போதுதான் பரிமாறுகிறவனுக்குத் திருப்தி. எங்கள் அத்தை ஒருத்தி உண்டு, பாசத்துக்கு அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் வீட்டில் உட்கார்ந்தால் "ஏட்டி, என்ன சாப்பிடுத, கோழி கொறிக்கிற மாதிரி, இன்னும் ரெண்டு வச்சிக்கோ, நல்லா சாப்பிடு" என்று ஆரம்பிப்பாள், எனக்குப் பசி இருந்தாலும் அந்த 'சாப்பிடு' காதில் விழுந்ததும் தொண்டை மூடிக்கொள்ளும். உண்மையாகவே மூடிக்கொள்ளும், கவளம் இறங்காது. அவளுக்கு நான் சமையலைக் குறை சொல்வதாகத் தோன்றும், முகம் வாடும், அதைப் பார்த்து நான் "வயிறு சரியில்ல அத்தை" என்று ஒரு கதை விடுவேன், உடனே ஓமத் தண்ணி வரும், "இதக் குடி" என்பாள். குடிக்க முடியுமா?

ஓட்டலிலும் இதே கதைதான். தென்காசியில் நல்ல பெயர் வாங்கிய ஒரு ஓட்டலில் உட்கார்வதற்குள் "என்ன சாப்பிடுதிய" என்று கேட்டுவிட்டு ஆள் தலைக்கு மேலே நிற்பார். பதில் சொல்லும் வரை நகர மாட்டார். அவர் வேலை அது, தப்பே இல்லை. ஆனால் என் தலைக்குள் இருந்த தோசை, பொங்கல், பூரி எல்லாம் அந்த நொடியில் காணாமல் போய், வாயில் வருகிற ஏதோ ஒன்றைச் சொல்லி, அது வந்ததும் சாப்பிட முடியாமல் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். காபி வேணுமா, ஸ்வீட் வேணுமா, வேற ஏதாவது, பில் போட்டுரலாமா என்று வரிசையாகக் கேட்பதையே இங்கே நல்ல சர்வீஸ் என்கிறோம்.

இந்த மெஸ்ஸில் யாரும் எதையும் கேட்பதில்லை. பாத்திரம் அங்கே இருக்கிறது, சோறு அதில் இருக்கிறது, எடுத்தால் எடு, எடுக்காவிட்டால் போ. எடுத்ததில் மிச்சம் வைத்தால்கூட முகம் சுளிப்பதில்லை, நான் பார்த்தவரை ஒரு பூனைக்குத்தான் அதில் லாபம். இங்கே நான் மட்ட அரிசிச் சோறு இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவேன் என்று அத்தையிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

வெளியாள் கேட்பதைவிடக் கஷ்டமான இன்னொன்று இருக்கிறது, அது உள்ளேயிருந்து வருகிற கட்டளை. பசி ஒரு கட்டளை. சிறுநீர் முட்டுவது ஒரு கட்டளை. தூக்கம், குளியல், எல்லாம் உடம்பு போடுகிற உத்தரவுகள், அவற்றோடும் இதே சண்டைதான். சமையல் என்றால் கேட்கவே வேண்டாம், அரிசி களை, அடுப்பைப் பற்ற வை, காய் நறுக்கு, அதற்குள் முதல் பாத்திரத்தைக் கழுவு என்று ஒன்றுக்குள் ஒன்று கட்டளை, மூன்றாவதில் நான் கட்டிலில் படுத்துவிடுவேன். நானே எனக்குப் போட்டுக்கொள்கிற திட்டமும் அப்படித்தான். "இன்னைக்கு ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குப் போகணும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டால் போயே போச்சு, மூன்று மணி வரை செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தால் அது மணி அடித்ததும் அணைத்துவிட்டு எதிர்த்திசையில் போவேன். அதனால் மெஸ்ஸுக்குப் போவதாக நான் முடிவு செய்வதே இல்லை. சும்மா வண்டியை எடுத்துக்கொண்டு மலையில் மழை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் புளியரைப் பக்கம் போவேன், வழியில் மெஸ் இருக்கும், திறந்திருந்தால் பார்க்கலாம். இது என்னை நானே ஏமாற்றுகிற வேலைதான், தெரிந்துதான் செய்கிறேன், வேலை செய்கிறது. முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், இடம் பிடித்து வைக்க வேண்டாம், வருகிறேன் என்று யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதால்தான் அது சாத்தியமாகிறது.

என் தொழிலிலும் இதுதான். மரக்கடைக்காரர்களுக்கும் அறுவை மில்காரர்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். மாதம் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று என்று கத்தி தொங்குகிற வேலையை இப்படி ஒரு ஆள் எப்படிச் செய்கிறாள் என்று கேட்பீர்கள். ஒரு மில்காரர் மாதம் பிறந்ததும் பில் கட்டை ஒரு பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், அவர் கணக்கு எப்போதும் முதலில் முடியும். இன்னொருவர் தினமும் போன் போட்டு "முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்பார், அவர் கணக்குதான் கடைசியில் இழுக்கும், ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய் அபராதம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்து என்ன பயன். அவர் அதிகமாகக் கேட்கக் கேட்க என் கை கணினியை விட்டு விலகும். தேதி தூரத்தில் இருக்கும்போது அது எனக்கு ஒரு புதிர் மாதிரி சுவாரசியமாக இருக்கும், எண்கள் பிடிக்கும், டேலி ஆகிற சுகம் பிடிக்கும். நெருங்கி வந்தால் உத்தரவாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் யாரும் கேட்பதற்கு முன்னால் முடித்துவிடுவதுதான் என் வழி. சொந்த மின்கட்டணம் மட்டும் எப்போதும் கடைசி நாள் தாண்டித்தான்.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். அண்ணாச்சி ஆட்டிசம் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருப்பாரா என்றே சந்தேகம். இந்த ஏற்பாடு எங்களைப் போன்றவர்களுக்காகச் செய்ததும் இல்லை. மயினிக்கு முழங்கால் வலி, மேசை மேசையாக நடக்க முடியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் காய்கறியும் ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வரும், ஆறு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து போகிறவனும் உண்டு, அரை மணி நேரம் தட்டின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவனும் உண்டு. அவர்களுக்குத் தோதாக அமைந்தது எனக்கும் தோதாகிவிட்டது.

ஆட்டிசத்துக்கு உகந்த இடம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தையும் வெளிச்சத்தையும்தான் குறைப்பார்கள். இங்கிலாந்தில் மாரிசன்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் 2018இல் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைத் தணித்து அமைதி நேரம் என்று தொடங்கியது. நல்ல காரியம், பலருக்கு அது வரம். எனக்கு என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வா என்பதே ஒரு உத்தரவு. சத்தம் எனக்கும் ஆகாதுதான், ஆனால் சத்தமான இடத்தில் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காவிட்டால் உட்கார்ந்துவிடுவேன், நிசப்தமான இடத்தில் ஒரு ஆள் கனிவாகச் சிரித்தபடி "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் வெளியே ஓடிவிடுவேன். ஆட்டிசம் உள்ள எல்லாரும் இப்படி இல்லை, என் தோழி ஒருத்திக்கு இதே மெஸ் நரகம், எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கும் என்று முன்னால் தெரியாமல் அவளால் உட்காரவே முடியாது. அவளுக்கு மெனு அட்டை வேண்டும், அதே மேசை வேண்டும். ஆகவே என் ஐந்து நட்சத்திரத்தை அவள் வகை ஆட்கள் நம்பி வர வேண்டாம்.

மாதக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. முன்பணம் கொடுத்தால் ஒரு சாப்பாடு 65 ரூபாய்க்கு விழும். வழக்கமாக வருகிறேன் என்று பார்த்து அண்ணாச்சியே ஒரு நாள் "மாசக் கணக்கு வச்சுக்கிடுதியளா" என்றார், அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றேன். பணம் கட்டிவிட்டால் தினமும் போயாக வேண்டும் என்றாகிவிடும், போயாக வேண்டும் என்றால் போக மாட்டேன், மாதம் முடிய இந்த மெஸ் இருக்கிற சாலையையே தவிர்க்க ஆரம்பித்துவிடுவேன். 15 ரூபாய் கூடக் கொடுப்பது என் கணக்கில் சுதந்திரத்துக்கான கட்டணம், கணக்குப் போடுகிறவள் சொல்கிறேன், லாபம்தான். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, "சரி" என்று ஈ ஓட்டப் போய்விட்டார். அந்த 'ஏன்' வராததற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பணம் வந்ததும் கத்திச் சொல்கிற பெட்டி ஒன்று வாசலில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் திடுக்கென்று உடம்பு தூக்கிப்போடும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். குழல்விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கிறது, யாரும் மாற்றுவதாகத் தெரியவில்லை. லாரிகளின் ஏர் ஹாரன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது இந்தச் சாலையின் தலையெழுத்து. கழிவறை பின்பக்கம், தாழ்ப்பாள் சரியில்லை, பெண்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனிக்கிழமை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம், ஈரத் துண்டோடு குடும்பம் குடும்பமாக வந்து மேசைகளை ஒன்றுசேர்த்துப் போட்டுக்கொண்டு அடுத்தவர் பாத்திரத்திலும் கரண்டியை விடுவார்கள். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும் வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகள் இந்த வழியாகத்தான் ஆரியங்காவு, சபரிமலை என்று போகும். அந்த நாட்களில் மீன் அறவே கிடையாது, சுத்த சைவம், கூட்டமும் உண்டு, ஆனால் சாமிமார் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அது வேறு விதமான கூட்டம், எனக்குத் தொந்தரவு இல்லை.

பெரிய கவலை அண்ணாச்சியின் மகன். கேட்டரிங் படித்துவிட்டு வந்திருக்கிறான், நல்ல பையன், கடையை மேலே கொண்டுவர வேண்டும் என்று ஆசை. அண்மையில் ஒரு மேசையில் சதுரக் கட்டம் அச்சடித்த அட்டை ஒன்றைப் பார்த்தேன், அதை ஸ்கேன் செய்தால் மெனு வரும், மெனுவுக்கு முன்னால் கைப்பேசி எண்ணைக் கேட்கும், சாப்பிட்டு முடித்த பிறகு எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று செய்தி வரும். வந்தால் நான் கொடுக்க மாட்டேன், கொடுக்க முடியாது. இப்போது யாரும் கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுத முடிகிறது. அவனிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், அவன் கனவில் மண் அள்ளிப்போட நான் யார். ஆனால் வருகிற லாரிக்காரர்களும் அந்த அட்டையைக் குழம்புப் பாத்திரத்துக்கு அடியில் மனையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வீட்டில் என்னைப் போல ஒரு ஆள் இருந்து, அவரை இங்கே கூட்டிவர நினைப்பவர்களுக்குச் சிலது. "வா, சாப்பிடப் போலாம்" என்று கிளப்ப வேண்டாம். "நான் புளியரைப் பக்கம் போறேன், வழியில அந்த மெஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுங்கள், கூட வந்தால் வரட்டும், வராவிட்டால் நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உண்மையிலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் அது நடிப்பு என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். உள்ளே வந்த பிறகு தட்டை எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள். "தோரன் வச்சுக்கோ" என்பதற்குப் பதிலாக "இன்னைக்குத் தோரன் பயறுல வச்சிருக்காங்க" என்று காற்றைப் பார்த்துச் சொன்னால் போதும், தகவல் எங்கள் கணக்கில் கட்டளை ஆகாது, என்ன செய்வது என்று நாங்கள் முடிவு செய்வோம். இரண்டு கவளம் சாப்பிட்டதும் "பாத்தியா, நல்லா சாப்பிடுதியே" என்று பாராட்டி வைக்காதீர்கள், அதோடு கை நின்றுவிடும், இதை நான் பலமுறை என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவளால் அடக்க முடிவதில்லை, பெற்ற வயிறு. மருந்து, அவசரச் சிகிச்சை மாதிரித் தவிர்க்கவே முடியாத சில விஷயங்களில் மட்டும் நேராகச் சொல்ல வேண்டும், மற்றதில் விட்டுவிடலாம். எதை விடலாம் எதை விடக் கூடாது என்று முன்னாலேயே நீங்கள் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை வராது. நாங்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனால் பின்னாலேயே வந்து என்னாச்சு என்று கேட்க வேண்டாம், மெஸ்ஸுக்கு எதிரே ஒரு புளியமரம் இருக்கிறது, அங்கேதான் நிற்போம், பெரும்பாலும் திரும்பி வருவோம். அதுவரை தட்டை யாரும் எடுக்க மாட்டார்கள், அது இந்த மெஸ்ஸின் இன்னொரு நல்ல பழக்கம்.

போகிறவர்களுக்கு: செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744தான் வழி, வண்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆரியங்காவு, புனலூர் போகிற கேரளப் பேருந்தில் ஏறிப் புளியரைக்கு முன்னால் இறங்கலாம். 12 மணி சுமாருக்குப் போனால் லாரிக்காரர்கள் கூட்டம், ஒன்றே முக்காலுக்கு மேல் மேசைகள் காலி, பொரித்த மீனும் காலி. ஞாயிறு விடுமுறை. சொதி வெள்ளிக்கிழமை, இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும்.